கற்றுக் கொடுக்கும் உரிமை

ஆசிரியத் தொழிலில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து, 2019ஆம் ஆண்டில் தலைமையாசிரியர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். அத்தனை ஆண்டுகளிலும் மாணவர்கள் என்னிடம் கேட்ட வினாக்கள் எண்ணிலடங்கா. விடை தெரியாத வினாக்களும் அவற்றுள் பல உண்டு. அவற்றுக்காக நான் வெட்கப்பட்டதில்லை. “தெரியாது; நாளை படித்து வந்து சொல்கின்றேன்” என்று கூறுவதில் ஆசிரியனுக்கு இழிவு ஒன்றும் இல்லை. ஆயின், விடை தெரிந்திருந்தும் சொல்லாமல், கேட்ட மாணவனை உட்காரச் செய்த நாள் ஒன்று என் வாழ்வில் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த நாளிலிருந்தே தொடங்குகிறது.

2006ஆம் ஆண்டு அது. நான் பணியாற்றிய உயர்நிலைப் பள்ளிக்குப் பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பணம் திரட்டி மூன்று கணினிகள் வாங்கித் தந்தனர். கணினிக்குப் பணம் கிடைத்தது. அதில் இயங்க வேண்டிய மென்பொருளுக்குப் பணம் இல்லை. கடைக்காரர் ஒருவர் குறுவட்டு ஒன்றைக் கொடுத்தார். அதன் உறைமேல் நீண்டதோர் உரிம எண் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரே வட்டை மூன்று கணினிகளிலும் ஏற்றினோம். அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் களவின் தீமையைப் பற்றிப் பேசியவனும் நானே! பிற்பகலில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான். “ஐயா, இந்த எண் நமக்குக் கொடுத்ததா, வேறு யாருக்கோ கொடுத்ததா?” என்று கேட்டான். “உட்கார், பாடத்தைக் கவனி” என்றேன்.

ஏழைப் பள்ளிக்கு வேறு வழி ஏது என்று அன்றிரவு என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் உள்ளம் அமைதி பெறவில்லை. உள்ளதைப் பகிர்ந்துகொள் என்று குழந்தைகளுக்குக் கற்பிக்கின்றோம். கொடுத்த வாக்கை மீறாதே என்றும் கற்பிக்கின்றோம். அந்த வட்டு இவ்விரண்டு அறங்களையும் ஒன்றோடொன்று மோதவிட்டது. தோழனுக்குக் கொடுத்தால் உரிமத்தை மீறியவன் ஆகின்றேன். கொடுக்காவிட்டால் கல்வியை மறுத்தவன் ஆகின்றேன். இந்த இக்கட்டை நீக்கும் வழி ஒன்று உலகில் முன்னரே இருந்தது என்பதை நான் அறிந்தது சில ஆண்டுகள் கழித்தே. அதுதான் கட்டற்ற மென்பொருள்.

கட்டற்ற மென்பொருள் என்பது யாது? கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். அதை எழுதுகின்றவர் மனிதர் படித்து அறியத்தக்க வடிவில் எழுதுகின்றார். அதற்கு மூலநிரல் என்று பெயர். பின்னர் அது கணினிக்கு மட்டும் விளங்கும் வடிவுக்கு மாற்றப்படுகிறது. விற்பனைக்கு வரும் மென்பொருள்கள் பலவற்றில் நமக்குக் கிடைப்பது இந்த இரண்டாம் வடிவம் மட்டுமே. அதை இயக்கலாம், உள்ளே நடப்பது என்ன என்று பார்க்க இயலாது, பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும் கூடாது. கட்டற்ற மென்பொருளிலோ மூலநிரலும் நம் கைக்கு வருகிறது. அத்துடன் நான்கு உரிமைகளும் வருகின்றன.

அந்த நான்கினையும் விளக்க எங்கள் ஊர்ப் பெண்கள் வாசலில் இடும் கோலமே எனக்குத் துணை. அடுத்த தெருவில் அழகிய கோலம் ஒன்றைக் கண்ட சிறுமி அதைத் தன் வாசலில் இடுகின்றாள். எந்த நாளில், எந்த வாசலில் இடுவது என்பது அவள் விருப்பம். இது முதல் உரிமை. எத்தனை புள்ளி, கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று எண்ணிப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றாள். தன் வாசலின் அளவுக்கு ஏற்ப மாற்றியும் அமைக்கின்றாள். இது இரண்டாவது. அதை நோட்டில் வரைந்து தோழிக்குக் கொடுக்கின்றாள். இது மூன்றாவது. தான் மாற்றி அமைத்த கோலத்தையும் ஊரார்க்கு வழங்குகின்றாள். இது நான்காவது. மார்கழி மாதத்தில் தெருவெல்லாம் அழகு பெறுவது இந்த நான்கு உரிமைகளாலேயே. யாரேனும் ஒருவர் கோலத்தின் புள்ளிக் கணக்கை மறைத்து வைத்து, ஒரு வாசலுக்கு ஒரு கட்டணம் என்று விதித்திருந்தால், அக்கலை நம் பாட்டிமாரிடமிருந்து நம் பெண்களுக்கு வந்து சேர்ந்திருக்குமா?

இந்த உரிமைகளை முறையாக வகுத்தவர் அமெரிக்கராகிய ரிச்சர்டு ஸ்டால்மன். மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றிய காலத்தில், அங்கிருந்த ஓர் அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். சிக்கியவுடன் அனைவருக்கும் செய்தி தெரிவிக்கும்படி அதன் மென்பொருளைத் திருத்த அவர் விரும்பினார். முந்தைய அச்சுப்பொறிக்கு அவ்வாறு செய்தும் இருந்தார். புதிய பொறிக்கோ மூலநிரல் இல்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரை நாடியபொழுது, ‘யாருக்கும் தருவதில்லை என்று வாக்களித்திருக்கின்றேன்’ என்று அவர் மறுத்துவிட்டார். சிறிய நிகழ்ச்சிதான். ஆனால் அதன் விளைவு பெரிது. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், முழுவதும் கட்டற்றதாகிய க்னூ என்னும் இயங்குதளத்தை எழுதப்போவதாக ஸ்டால்மன் அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பெற்றது. 1989இல் பொது உரிமம் ஒன்று வெளியாயிற்று. அதன்படி, இந்த மென்பொருளைத் திருத்திப் பிறருக்கு வழங்குகின்றவர், தாம் பெற்ற உரிமைகளையே அவர்களுக்கும் அளித்தல் வேண்டும். பெற்றவன் கதவை அடைத்துக்கொள்ள முடியாத ஏற்பாடு இது.

1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர் லினக்ஸ் என்னும் கருவை எழுதி வெளியிட்டார். க்னூவும் லினக்ஸும் இணைந்து முழுமையான இயங்குதளம் ஆயின. உங்களிற் பலர் கையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியினுள் இயங்குவதும் அந்த லினக்ஸ் கருவே. 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் உலகின் அதிவேகக் கணினிகளின் பட்டியலில் உள்ள ஐந்நூறும் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. ஆதலின், இஃது ஏழைகளுக்கு மட்டும் உரிய மலிவுப் பொருள் என்று எவரும் எண்ணுதல் வேண்டா.

இங்கு ஒரு சொல் விளக்கம் கூறுவேன். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் இலவசத்தையும் உரிமையையும் குறித்து மயக்கம் தருகிறது. தமிழுக்கு அந்த மயக்கம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. காசின்றிக் கிடைத்தும் உள்ளே பார்க்க விடாத மென்பொருள்கள் பல உள்ளன. கட்டற்ற மென்பொருளை விலைக்கு விற்பதற்கும் தடை இல்லை. நாம் பார்க்க வேண்டுவது விலையை அன்று, உரிமையை.

இவ்வளவும் அறிந்த பின் வாளா இருத்தல் எனக்கு இயலவில்லை. 2022ஆம் ஆண்டில், திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள எங்கள் சிற்றூரில் ஒரு வகுப்புத் தொடங்கினேன். கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தார் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் இடம் அளித்தனர். பயன்படாது என்று ஒதுக்கப்பட்டிருந்த பழைய கணினிகள் ஐந்து சேர்ந்தன. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய அரசுத் திட்டத்தின்கீழ் மாணவர்கள் பெற்ற மடிக்கணினிகள் சிலவும் பரணிலிருந்து இறங்கி வந்தன. அவற்றிற் சிலவற்றில் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் உடன் ஏற்றப்பட்டிருந்தது. நம் நாட்டு அரசு நிறுவனமாகிய சி-டாக் உருவாக்கியது அது. இத்தனை ஆண்டுகளாக வீட்டிலேயே இருந்தும் அதைத் திறந்து பார்த்தவர் எங்கள் ஊரில் ஒருவரும் இலர்!

முதல் ஞாயிறன்று இருபத்திரண்டு பேர் வந்தனர். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஹெர்பார்ட்டின் வழிவந்த பாடப் படிகளை மனப்பாடம் செய்தவன் அல்லனோ நான்? கரும்பலகையில் படம் வரைந்து, கணினியின் வரலாற்றிலிருந்து தொடங்கினேன். இப்பொழுது உங்களுக்குச் சொன்னதைப் போல மும்மடங்கு சொன்னேன். நான்காம் ஞாயிறன்று எஞ்சியிருந்தவர் எழுவர். அவர்களுள் தையல் தொழில் செய்யும் அம்மையார் ஒருவர். தம் மகளுக்குத் துணையாக வந்தவர். அவர்தாம் எனக்கு ஆசிரியர் ஆனார். “ஐயா, நீங்கள் சொல்வதெல்லாம் நல்லதுதான். எங்கள் மகளிர் குழுவின் கணக்கை எழுதக் கற்றுக் கொடுத்தால் எனக்கு உதவியாக இருக்கும்” என்றார்.

அன்றே கரும்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். லிபர் ஆபீஸ் என்னும் கட்டற்ற தொகுப்பில் உள்ள விரிதாளைத் திறந்தோம். உறுப்பினர் பெயர், சேமிப்பு, கடன், வட்டி, நிலுவை என்று கட்டங்கள் அமைத்தோம். இரண்டு ஞாயிறுகளில் அந்த அம்மையார் கணக்கை எழுதக் கற்றார். மூன்றாம் ஞாயிறன்று தம் குழுவினர் இருவரை அழைத்து வந்து, அவரே அவர்களுக்குக் கற்பித்தார். அதைக் கண்ட பின், வகுப்பின் விதி ஒன்றை வகுத்தேன். சென்ற வாரம் கற்றதை வேறு ஒருவருக்குக் கற்பித்த பின்னரே இந்த வாரப் பாடம். கற்பித்தவர் தம் மாணவருக்கு அந்த மென்பொருளையும் பென் டிரைவில் படியெடுத்துக் கொடுத்து அனுப்புவார். இதில் களவு இல்லை, அச்சம் இல்லை, கட்டணமும் இல்லை. படியெடுத்துக் கொடுக்கும் உரிமையே இந்த வகுப்பின் உயிர் என்பதை அப்பொழுது உணர்ந்தேன். விற்பனை மென்பொருளைக் கொண்டு இந்த விதியை நான் நடத்தியிருந்தால், ஞாயிறுதோறும் ஒரு குற்றத்தைக் கற்பித்தவன் ஆகியிருப்பேன்.

தமிழில் தட்டெழுதக் கற்பித்தது மகிழ்ச்சியான பகுதி. 1999ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் பெரும்பாலும் அமைந்துள்ளன. ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் ‘கி’ வரும். நாம் தொடக்கப் பள்ளியில் கற்ற உயிர்மெய் இலக்கணமே அது. எழுபது வயது முதியவர் ஒருவர் தெருவிளக்குக்காக ஊராட்சிக்கு ஒரு விண்ணப்பத்தைத் தாமே தட்டெழுதி எடுத்துச் சென்றார். மேல்நிலை மாணவர்கள் பைத்தான் என்னும் நிரல்மொழியைப் பயின்றனர். சிறுவர்களுக்கு ஸ்டெல்லேரியம் என்னும் வானியல் மென்பொருளைக் காட்டினோம். அன்றிரவு எங்கள் ஊர் வானில் தோன்றும் விண்மீன்களைத் திரையில் கண்டுவிட்டு, இரவில் மொட்டை மாடியில் நின்று சரிபார்த்தனர்.

தவறுகளும் நேர்ந்தன. ஒன்றை மறைக்காமல் சொல்கின்றேன். அன்பர் ஒருவர் தம் கணினியில் லினக்ஸை ஏற்றித் தரும்படி கேட்டார். உள்ளே இருப்பவற்றை முதலில் படியெடுத்து வைக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தும், நேரமில்லை என்று அவசரப்பட்டவன் நான். வட்டு முழுவதும் அழிந்தது. மறைந்த தம் தந்தையாரின் கடைசிப் படங்கள் அதில் இருந்தன என்று அவர் மெல்லச் சொன்னார். “விடுங்கள் ஐயா” என்று அவர் கூறியது எனக்கு ஆறுதல் தரவில்லை. அன்று முதல் எங்கள் அறைச் சுவரில் இரண்டு வரிகள் உள்ளன. ‘முதலில் படியெடு. பிறகு பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்.’ லினக்ஸைக் கணினியில் ஏற்றாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் ஏற்றலாம், இல்லையேல் கழற்றிவிடலாம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்ற பின், அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணினிகளோடு பலர் எங்களை நாடி வந்தனர். அவ்விரண்டு வரிகளைக் கடைப்பிடித்த பின்னரே அக்கணினிகளுக்கு மறுவாழ்வு அளித்தோம்.

“இதைக் கற்றால் வேலை கிடைக்குமா?” என்று பெற்றோர் கேட்கின்றனர். நேர்மையான விடை இதுதான். சில அலுவலகங்கள் குறிப்பிட்ட விற்பனை மென்பொருளின் பெயரைச் சொல்லியே ஆள் தேடுகின்றன, அதை மறுப்பதற்கில்லை. சில தொழில்களுக்கு அதுவே தேவையாகவும் இருக்கலாம். ஆயினும், விரிதாளின் தத்துவத்தைக் கற்றவர் எந்த விரிதாளையும் சில நாட்களில் பழகிக்கொள்வார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் கற்றவரோ, பொத்தான் இடம் மாறினால் திகைத்து நிற்பார். அதனால், ஏன் என்பதையும் சேர்த்தே கற்பிக்கின்றோம்.

அந்தத் தையற்கார அம்மையாரின் மகள் கல்லூரி மாணவி. ஒருநாள் ஒரு மென்பொருளின் தமிழ்ப் பட்டியலில் ‘சேமிக்கபட்டது’ என்று ஒற்று விடுபட்டிருப்பதைக் கண்டாள். “ஐயா, இது தப்பல்லவா? யாரிடம் சொல்வது?” என்று கேட்டாள். முன்பொரு மாணவன் எழுந்து நின்ற காட்சி என் கண்முன் வந்தது. இம்முறை உட்காரச் சொல்லவில்லை. “யாரிடமும் சொல்ல வேண்டா, அம்மா, நீயே திருத்தலாம்” என்றேன். தமிழாக்கம் செய்யும் தன்னார்வலர்களின் குழுவில் சேர்ந்து ‘ப்’ என்னும் ஒற்றை அவள் இட்டாள். சில திங்கள் கழித்து வந்த புதிய பதிப்பில் ‘சேமிக்கப்பட்டது’ என்றிருந்தது. தன் தாயை அழைத்து வந்து அந்த ஒரு சொல்லைக் காட்டினாள். உலகில் எந்த மூலையில் தமிழர் அதைத் திறந்தாலும் அவள் இட்ட ஒற்று அங்கே இருக்கும்.

எங்கள் முயற்சி புதியதும் அன்று, தனித்ததும் அன்று. அண்டை மாவட்டமாகிய விழுப்புரத்தில் க்னூ லினக்ஸ் பயனர் குழுவினர் ஊர்ப்புற மாணவர்களுக்கு இத்தகைய பயிற்சியை அளித்து வருகின்றனர். கேரளத்தில் 2001ஆம் ஆண்டில் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், பின்னர் அம்மாநிலப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. 2018ஆம் ஆண்டில் அங்கே மாணவர்களுக்கென்றே லிட்டில் கைட்ஸ் என்னும் கழகங்கள் தோன்றின. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இம்மென்பொருள்களைக் கற்பிக்கும் சிறு காணொளிகளைத் தமிழிலும் வழங்குகிறது. கணியம் என்னும் மின்னிதழ் தமிழிலேயே இவற்றை விளக்கி எழுதுகிறது. ஆசிரியர் இல்லையே என்று தயங்குவதற்கு இனிக் காரணம் இல்லை.

மாணவ அன்பர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய வகுப்பைத் தொடங்கலாம். முதற்கண் ஓர் இடமும், மாறாத ஒரு நேரமும் வேண்டும். ஒரு ஞாயிறு தவறினால் பாதிப் பேர் தவறுவர். பழைய கணினி இரண்டு இருந்தாலும் போதும். ஒரு கணினிக்கு இருவர் அமர்வது நன்று. ஒருவர் செய்ய மற்றவர் பார்த்துச் சொல்வார். வருகின்றவரின் தேவையை முதலில் கேளுங்கள், அதுவே முதற்பாடம். நீங்கள் எல்லாம் அறிந்தவராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் மாணவரைவிட ஒரு வாரம் முன்னதாகக் கற்றிருந்தால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு மட்டும் வேண்டும்.

2006ஆம் ஆண்டில் வினாக் கேட்ட அந்த மாணவன் இன்று முப்பது வயதைக் கடந்திருப்பான். எங்கே, எந்தத் தொழிலில் இருக்கின்றானோ, அறியேன். வானொலி எங்கும் செல்வது. ஒருகால் அவன் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். தம்பி, அன்று நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. அந்த எண் நமக்குக் கொடுத்தது அன்று. இதைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு எங்கள் நூலகத்தில் வகுப்பு நடக்கிறது. நீ வந்தால், உனக்குக் கொடுப்பதற்கு நம்முடையதே ஆன வட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது.